நாற்பது டப்பாவிலும் ஏழே ஏழு

நேர்மை என்னும் அறத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. பிறர் கணக்கில் பிழை கண்டு சொல்வது ஒரு வாசல். அது அகலமானது, அதில் நுழையக் கூட்டம் எப்போதும் உண்டு. தன் கணக்கில் பிழை கண்டு அதைப் பலரறிய எடுத்து வைப்பது மற்றொன்று. குனிந்தாலன்றி நுழைய இயலாத குறுகிய வாசல் அது. அதில் தலை குனிந்து நுழைந்து நிமிர்ந்து வெளிவந்த ஒருத்தி இருக்கிறாள். மருத்துவ நிலையத்துக்கு வருவோர் அவளை மிச்சக்காரம்மா என்றே அழைத்தனர்.

அந்தப் பெயர் சும்மா வந்ததன்று. செருப்புக் கடைக்கு மேல், முதல் மாடியில் இருந்த அந்த நிலையத்தில், நீலத் தட்டும் தட்டையான கரண்டியும் முன்னே வைத்துக்கொண்டு அவள் அமர்ந்திருப்பாள். வருகிறவர் வணக்கம் சொல்லி வாய் மூடுமுன் "மிச்சம் எங்க?" என்று கை நீட்டுவாள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்போர் அதை எவ்வளவு ஒழுங்காக உண்கின்றனர் என்று அளந்து எழுதுவதே அவள் வேலை. நாற்பது பேர். ஆளுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு முப்பத்தைந்து மாத்திரை, நாளுக்கு ஒன்று. நான்கு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, டப்பாவோடு வரவேண்டும். இருபத்தெட்டு நாளும் தவறாமல் உண்டவர் டப்பாவில் ஏழு மீந்திருக்கும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

இதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அவள் பொத்தான் தொழிற்சாலையில் எண்ணிக்கைப் பிரிவில் இருந்தவள். ஒரு கை அள்ளினால் முப்பத்தாறா முப்பத்தேழா என்று உள்ளங்கையே சொல்லிவிடும். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, கரண்டியால் ஐந்தைந்தாக அவள் ஒதுக்கும் வேகத்தைப் பார்ப்பதற்கென்றே சிலர் மேசையருகே நிற்பதுண்டு. கணக்கு ஒத்துவந்தால் நீல மையில் எழுதுவாள். ஒத்துவராவிட்டால் சிவப்பு மை. சிவப்புப் பேனாவின் மூடி திறக்கும்போதே அவள் வாயும் திறந்துவிடும்.

முதல் மாதம் பள்ளி ஆசிரியர் ஒருவர் பதினெட்டு மாத்திரையோடு வந்தார்.

"பதினெட்டா! ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற வாத்தியாரே வீட்டுப்பாடம் செய்யாம வந்தா எப்படி சார்?" என்றாள், வரிசை முழுவதும் கேட்கும்படி. வரிசை சிரித்தது. ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

இரண்டாம் மாதம் சிவப்பு மைக்கு வேலை பாதியாயிற்று. மூன்றாம் மாதத்திலிருந்து வேலையே இல்லை. பேரேட்டில் பக்கம் பக்கமாக நீலம், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. "நம்ம வாய்க்குப் பயந்துதான் நாற்பது பேரும் நேரானாங்க," என்று பூட்டுப் பழுது பார்க்கும் தன் கணவனிடம் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதுண்டு.

"உன் வாய்க்குப் பூட்டே பயப்படுது, மனுஷங்க பயப்பட மாட்டாங்களா?" என்றான் அவன்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். மாத்திரை ஒழுங்காக இறங்கியது; அழுத்தம் இறங்கவில்லை. பன்னிருவருக்குச் சிறிதும் இறங்கவில்லை. அந்தப் பன்னிருவரில் மிச்சக்காரம்மாவின் உடன்பிறந்த அக்காவும் ஒருத்தி. தாய் இறந்தபின் தங்கையைத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவள். இப்போது பெரிய சலவை நிலையம் ஒன்றில் இஸ்திரி போடுகிறாள். தங்கை வீட்டுக்கு மேல்தளத்திலேயே குடியிருக்கிறாள்.

டாக்டரம்மா நேராகச் சிந்திப்பவர். "மருந்து சரியா சாப்பிடுறாங்கன்னு உங்க கணக்கு சொல்லுது. அப்புறமும் பிரஷர் குறையலைன்னா, மருந்துக்குத்தான் வலு போதலை," என்றார். முதலில் அந்தப் பன்னிருவருள் காவலாளி ஒருவருக்கு மட்டும் இரட்டை வலுவுள்ள மாத்திரை கொடுத்துப் பார்த்தார். நான்கு வாரம் கழிந்தது.

அந்தச் செவ்வாய் வானம் கிழிந்தாற்போல் கொட்டிய மழையில் தெருவே ஆறாக ஓடியது. நிலையம் திறக்கவில்லை. எல்லாரும் வியாழனன்று வந்தனர்.

காவலாளி வலக்கையில் மாவுக்கட்டோடு வந்தார்.

"என்னண்ணே இது?"

"புது மாத்திரை போட்ட மூணாம் நாள். கேட்டைத் திறக்க எழுந்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. அடுத்து நான் பாத்தது ஆஸ்பத்திரி மின்விசிறிதான்," என்றார் அவர். பிறகு யாரையோ தேடுவதுபோல் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

அவருக்குப் பின்னே அக்கா. கையில் பட்டை கட்டி அளந்த செவிலி "நூற்று எண்பத்திரண்டு" என்றாள். தங்கை டப்பாவைக் கொட்டினாள். ஐந்து, இரண்டு. ஏழு. நீல மை.

"அக்கா, நீ ஒழுங்காத்தானே சாப்பிடறே?"

"ஏழு இருக்கா இல்லையா? அதை எழுது. எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்று அக்கா நடையைக் கட்டினாள்.

காவலாளி விழுந்தது இரவுக் கண்விழிப்பால் என்றே கருதிய டாக்டரம்மா நண்பகலில் ஒரு பட்டியலை மேசைமேல் வைத்தார். அழுத்தம் இறங்காத பன்னிருவர்; அடுத்த செவ்வாய் காலை அனைவரும் வந்து இரட்டை வலு மாத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். நான்காவது வரியில் அக்கா.

கூட்டம் கலைந்தபின் மிச்சக்காரம்மா கூட்டிக் கழிக்கப் பேரேட்டை விரித்தாள். நாள் என்னும் கட்டத்தில் வழக்கம்போல் இருபத்தெட்டு என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். மழை இரண்டு நாளைத் தின்றுவிட்டதே! கழிந்தது முப்பது நாள். முப்பத்தைந்தில் முப்பது போனால் ஐந்து. ஒழுங்காக உண்டவர் டப்பாவில் ஐந்து மாத்திரைதான் மீந்திருக்க வேண்டும்.

அவள் விரல் வரிசையாகக் கீழே இறங்கியது. ஏழு. ஏழு. ஏழு. அக்காவுக்கு ஏழு, ஆசிரியருக்கு ஏழு, தையற்காரருக்கு ஏழு, மாவுக்கட்டுப் போட்ட காவலாளிக்கும் ஏழு. நாற்பது டப்பாவிலும் ஏழே ஏழு. ஒருவர் இருவர் இரண்டு நாள் மறந்தார் என்றால் நம்பலாம். நாற்பது பேரும் சொல்லிவைத்தாற்போல் அதே இரண்டு நாளை மறந்தனர் என்று எந்தப் பொத்தான் தொழிற்சாலையில் போய்ச் சொல்வது?

கரண்டி அவள் கையிலிருந்து தட்டில் விழுந்து ஒலித்தது. முதல் மாதத்துக்குப் பின் அவள் எழுதிய பதினொரு மாதமும் அந்த ஒலியில் ஆட்டங்கண்டன. காவலாளியின் கை நினைவுக்கு வந்தது. அடுத்து, பட்டியலின் நான்காவது வரி.

மாலையில் அவள் மேல்தளத்துக்கு ஏறிப் போனபோது அக்கா வெந்நீரில் கால் வைத்து அமர்ந்திருந்தாள்.

"அக்கா, அஞ்சு இருந்திருக்கணும். ஏழு எப்படி வந்துச்சு?"

அக்காவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அடுத்த கணம் சிரித்துவிட்டாள். "அட! அந்தக் கண்டக்டர் மழையை மறந்துட்டாரா?"

"எந்தக் கண்டக்டர்?"

"கீழ படிக்கட்டுக்கு அடியில பெஞ்சு இருக்கே, அங்க வந்து பாத்திருக்கியா நீ? நீதான் எங்களுக்கு முன்னாடியே மேல ஏறி உக்காந்துடுவியே." அக்கா சொல்லிக்கொண்டே போனாள். ஓய்வு பெற்ற பேருந்துக் கண்டக்டர் ஒருவர் நாற்பது பேரில் ஒருவர். பெஞ்சில் பிஸ்கட் டின்னோடு அமர்ந்திருப்பார். டப்பாவில் அதிகம் வைத்திருப்பவரிடம் எண்ணி வாங்கி டின்னில் போடுவார். குறைவாக வைத்திருப்பவருக்கு டின்னிலிருந்து எடுத்துக் கொடுப்பார். ஏழு ஆக்கிய பிறகே யாரும் படியேறலாம். "பஸ்ஸுல சில்லறை குடுக்கற மாதிரி அவ்வளவு சுத்தம்."

"நீ எத்தனை குடுத்தே?"

"இருபத்து நாலு."

மிச்சக்காரம்மாவுக்குக் கணக்கிட ஒரு மூச்சும் தேவைப்படவில்லை. முப்பது நாளில் அக்கா உண்டது நான்கே நான்கு.

"ஏன்க்கா? உயிர்மேல ஆசை இல்லையா உனக்கு?"

"பாரு, மறுபடியும் கத்தறே!" அக்கா காலை வெந்நீரிலிருந்து எடுத்தாள். "அந்த மாத்திரை போட்டா அரை மணிக்கு ஒரு தரம் ஒண்ணுக்குப் போகணும். இஸ்திரி அறை மூணாவது மாடில. கழிவறை கீழ. நான் இறங்கி ஏறறதுக்குள்ள மெஷின்ல துணி கருகிடும். அதனால லீவு நாள்ல மட்டும் போட்டுக்கறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வீட்டுல நீ என் தங்கச்சி. அந்த நாற்காலில உக்காந்தா போலீஸ். போலீஸ்கிட்ட யாருடி போய் ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லுவா?" காலைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: "எல்லார்கிட்டயும் மிச்சம் எங்க, மிச்சம் எங்கன்னு கேக்கறியே, உன் மிச்சம் எங்க?"

"எனக்கென்ன மிச்சம்?"

"இரத்தம் பத்தலைன்னு டாக்டரம்மா குடுத்தாங்களே இரும்பு மாத்திரை. அறுபது."

அவள் இறங்கி வந்து அலமாரியைத் திறந்தாள். நான்கு மாதத்துக்கு முன் தந்த டப்பா துணிகளுக்குப் பின்னே உருண்டு கிடந்தது. எண்ணினாள். நாற்பத்தொன்று. வயிறு பிரட்டுகிறதென்று பத்தொன்பதோடு நிறுத்தியிருந்தாள். டாக்டரம்மா நடுவில் ஒருநாள் கேட்டபோது "முடிச்சிட்டேன்" என்று முகம் கோணாமல் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

விளக்கின்முன் நின்று கை கூப்பினாள். மன்றாட அவளுக்குச் சொல் வரவில்லை. எண்ணத்தான் வந்தது. பன்னிரண்டு பேர், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நான்கு நாள். போதும் என்று முடிவு செய்தாள்.

வெள்ளி காலை, பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் கண்டக்டரைப் பிடித்தாள்.

"அண்ணே, டின் எங்க?"

அவர் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தார். "தெரிஞ்சு போச்சா? எப்படி?"

"மழை. அஞ்சு வரவேண்டிய இடத்துல ஏழு போட்டிருக்கீங்க."

கண்டக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "முப்பத்திரண்டு வருஷ சர்வீசுல ஒரு டிக்கெட் தப்பினதில்லை! அய்யய்யோ, சரியா சாப்பிட்டு அஞ்சோட வந்தவங்களுக்கும் ரெண்டு ரெண்டு போட்டு ஏழாக்கி அனுப்பினேனே!"

"இது தப்புன்னு தோணலையாண்ணே உங்களுக்கு?"

"தங்கச்சி, வாத்தியார் அழுதுக்கிட்டே படியிறங்கினதை நீ பாக்கலை. நான் பாத்தேன். அடுத்த மாசம் அவரு டப்பாவைத் திறந்து சாக்கடைல கொட்டப் போனாரு. கொட்டாதீங்க சார், எனக்குக் குறையுது, குடுங்கன்னேன். அங்கேருந்து ஆரம்பம்." கண்டக்டருக்குத் தலைவலி வரும் நாளெல்லாம் இரண்டிரண்டாக விழுங்கும் பழக்கம், அதனால் எப்போதும் குறைவு. "உன் நீல மைக்குத்தான் நாற்பது பேரும் கஷ்டப்பட்டோம். நீயும் சந்தோஷமா இருந்தே, நாங்களும் திட்டு வாங்கலை."

"காவலாளி கை முறிஞ்சிருக்கு அண்ணே. சாப்பிடாத மனுஷன் சாப்பிட்டதா நான் எழுதினேன். டாக்டரம்மா ரெட்டையா குடுத்தாங்க. ரெட்டைன்னதும் பயந்து போய் முதல் தடவையா ஒழுங்கா சாப்பிட்டிருக்கார் போல. விழுந்தார். வர்ற செவ்வாய்க்கிழமை பன்னெண்டு பேருக்கு அதே ரெட்டை. என் அக்காவும் அதுல இருக்கா."

கண்டக்டரின் முகத்தில் இருந்த விளையாட்டு வடிந்தது. எழுந்து வீட்டுக்குப் போய் டின்னைக் கொண்டுவந்தார். அது கனத்தது. சட்டைப் பையிலிருந்த சிறு நோட்டுப் புத்தகத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டார். யார் எத்தனை தந்தார், எத்தனை பெற்றார் என்று மாதவாரியாக அதில் எழுதி வைத்திருந்தார். தொழில் பழக்கம்.

"இது என் பயணிகள் கணக்கு. யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"வேணாம். அவங்க வாயால சொல்லணும். நான் போய் கேக்கறேன்."

அங்கிருந்து நேரே டாக்டரம்மாவின் அறை. உட்காரச் சொன்னதையும் கேளாமல் நின்றபடியே சொன்னாள்: "பதினோரு மாசக் கணக்கும் தப்பு டாக்டரம்மா. தப்பா எழுதினது நான்."

முழுவதும் கேட்ட டாக்டரம்மாவின் பேனா மேசைமேல் தட்டிக்கொண்டே இருந்தது. "யார் இதை ஆரம்பிச்சது? பேர் சொல்லுங்க."

"என் சிவப்புப் பேனா. வேற பேர் கிடையாதுங்க."

"இந்தக் கணக்கை நம்பி ஒருத்தருக்கு மருந்தை ஏத்தியிருக்கேன் நான்."

"தெரியும்ங்க. அவர் வீட்டுக்குத்தான் இப்ப போறேன்."

டாக்டரம்மா எழுந்து சன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தார். "நூற்று எண்பதுல இருக்கறவங்களை நான் சும்மா விட முடியாது. நாளைக்கே ஒருத்தருக்கு மூளைல இரத்தக்குழாய் வெடிக்கலாம். செவ்வாய் காலை வரைக்கும் நேரம் தரேன். பன்னெண்டு பேரோட உண்மையான எண்ணிக்கை என் மேசைக்கு வரணும். வந்தா ஆளுக்கு ஆள் பாத்து முடிவு எடுக்கறேன். வரலைன்னா பட்டியல் பட்டியல்தான்."

"வரும்ங்க."

இரும்பு மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். முதலில் காவலாளியின் வீடு. "உங்க கை என் கணக்கால முறிஞ்சது அண்ணே. மன்னிக்கணும்," என்றாள். அவர் கட்டுப்போட்ட கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கணக்குப் போட்டது நீ. ஏமாத்தினது நான். கையை ரெண்டு பேரும் பாதி பாதி வச்சுக்கலாம்," என்றார். பிறகு பழைய டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

பட்டியலில் இருந்த பன்னிருவரிடமும் அவள் ஒரே வழியைக் கையாண்டாள். சென்று அமர்ந்ததும் தன் டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பாள். "இது என் மிச்சம். அறுபதுல நாற்பத்தொண்ணு. வயிறு பிரட்டுதுன்னு நிறுத்திட்டு, முடிச்சிட்டேன்னு டாக்டரம்மாகிட்டயே பொய் சொன்னேன்." அதன்பின்பே கேட்பாள்: "மருந்து சாப்பிடறவங்க எல்லாருக்குமே சில நாள் விட்டுப்போகும். உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?"

"ஒழுங்கா சாப்பிட்டீங்களா" என்று பதினொரு மாதம் கேட்டதற்கு எல்லாரும் ஆம் என்றே சொல்லியிருந்தனர். எத்தனை நாள் என்று கேட்டதும் ஆளாளுக்கு ஓர் எண் வந்தது. ஒருத்திக்கு மாத்திரை உண்டால் வறட்டு இருமல். கைக்குழந்தை விழித்துக்கொள்கிறதென்று இரவில் விட்டுவிடுகிறாள். லாரி ஓட்டுகிற ஒருவருக்கு வழியெல்லாம் வண்டியை நிறுத்த முடிவதில்லை. ஒரு முதியவர் மூன்று நாளைக்கு ஒன்று என்று தாமே முறை வகுத்துக்கொண்டிருந்தார். தையற்காரர் மட்டும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கோபமாக முறைத்தார். "நான் ஒரு நாளும் விடலைம்மா! என் டப்பாவுல நேரா அஞ்சுதான் இருந்துச்சு. அந்தக் கண்டக்டர்தான் கேக்காமலே ரெண்டைப் போட்டாரு!" பேரங்காடிக் காசாளர் பெண்ணும் அவ்வாறே சொன்னாள். அவள் வீட்டுச் சுவரில் நாட்காட்டியின் ஒவ்வொரு தேதியிலும் மாத்திரை விழுங்கிய நேரம் குறித்திருந்தது.

ஞாயிறு பிற்பகல் டின்னை எண்ண வேண்டியிருந்தது. சாப்பாட்டு மேசையில் பழைய துணி விரித்துக் கொட்டினாள். சின்னஞ்சிறு வெள்ளைக் குன்று. கணவன் பூட்டுச் சாமான் ஒதுக்கும் தகட்டோடு வந்து அமர்ந்தான். பள்ளியில் படிக்கும் மகள் அளவுகோலோடு வந்தாள். அக்கா வெறுங்கையோடு வந்தாள்.

"அம்மா, இதுல பெரியம்மாவோடது எது?" என்றாள் மகள்.

"வெள்ளையா இருக்கறதெல்லாம் என்னுதுதான்," என்றாள் அக்கா.

"நூறு வந்தா சொல்லுங்க, நான் கோடு போடறேன்," என்றான் கணவன். "இந்த வீட்டுல நாலு பேர் ஒரே வேலையைப் பேசாம செஞ்சது இன்னைக்குத்தான்."

"யாரு பேசாம செஞ்சாங்க?" என்று மூன்று பெண்களும் ஒரே குரலில் கேட்டனர்.

ஐந்தைந்தாக ஒதுக்கி, நூறு நூறாகக் குவித்து, பொழுது சாயுமுன் முடித்தனர். நாலாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு. அக்காவின் கை பாதியில் நின்றுவிட்டது. ஒருவர் இருவர் டப்பாவில் ஒளிந்திருந்தபோது சிறிதாகத் தெரிந்தது. ஒன்றாகக் குவிந்தபோது அதன்மேல் கண் நிலைக்கவில்லை. நாற்பது பேரும் பதினொரு மாதத்தில் உண்டிருக்க வேண்டியதோடு வைத்துக் கணக்கிட்டாள் மிச்சக்காரம்மா. நூற்றுக்கு அறுபத்து நான்கு. தொண்ணூற்றொன்பதை அடித்துவிட்டு அதை எழுதினாள்.

திங்கள் மாலை ஒருவரே எஞ்சியிருந்தார். ஆசிரியர். இரண்டு முறை போயும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் முறை போய் வாசற்படியில் அமர்ந்துவிட்டாள். அரை மணி கழித்துக் கதவு திறந்தது.

"என் டப்பாவுல ஏழு இருந்துச்சு. நீங்கதானே எண்ணினீங்க? அப்புறம் என்ன?"

அவள் தன் டப்பாவை அவர் காலடியில் இருந்த படிமேல் வைத்தாள். "வீட்டுப்பாடம் செய்யாதது நான்தான் சார். அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு. அத்தனை பேர் முன்னாடி பேசினதை இங்க தனியா வந்து சொன்னா போதாதுன்னும் தெரியும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

ஆசிரியர் குனிந்து அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தார். "வரிசைல எனக்குப் பின்னாடி மூணாவது ஆள் என் பழைய மாணவன்," என்றார் மெல்ல. "அவன் சிரிக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதுதான் தாங்கலை." பிறகு அவரும் படியில் அமர்ந்தார். மாத்திரை உண்டால் வகுப்பில் நிற்கும்போது தலை சுற்றுகிறது. நான்கு நாளைக்கு ஒன்று. போன மாதம் எட்டு. "கண்டக்டர்கிட்ட குடுக்க வெட்கப்பட்டு ரெண்டு மூணைப் பூந்தொட்டில புதைச்சிருக்கேன். அந்தச் செடி நல்லாத்தான் இருக்கு," என்றார். இருவரும் சிரித்துவிட்டனர்.

செவ்வாய் காலை படிக்கட்டு நிறைந்திருந்தது. பட்டியலில் இல்லாதவர்களும் வந்திருந்தனர். மிச்சக்காரம்மா மாடியேறாமல் பெஞ்சருகே நின்றாள். முதல் மாதம் ஆசிரியரைப் பேசியது தவறு, எல்லாரையும் பேசியது தவறு, தன் டப்பாவில் நாற்பத்தொன்று மீந்திருக்கிறது என்று, அன்று ஏளனம் செய்த அதே உரத்த குரலில் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து யாரோ "மிச்சக்காரம்மாவுக்கே மிச்சமா!" என்றதும் சிரிப்பு வந்தது, அதில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

பிறகு மேலே போய்ப் பன்னிரண்டு எண்களையும் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே காரணமும் எழுதியிருந்தது. டாக்டரம்மா படித்துக்கொண்டிருக்கையில் கண்டக்டர் உள்ளே வந்தார். நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"எல்லாரையும் கேட்டுட்டேன் டாக்டரம்மா. எல்லாரும் காட்டச் சொல்லிட்டாங்க."

டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். பதினொன்று அப்படியே ஒத்தன. ஆசிரியருடையது மட்டும் மூன்று மாறியது. புத்தகத்தில் இருந்ததைவிட அதிகமாகவே அவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

"உங்க கணக்கு எங்க கண்டக்டர்? உங்க பேரையே காணோமே?"

"கண்டக்டருக்கு டிக்கெட் கிடையாதுங்களே," என்றவர், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தாமே சொல்லிவிட்டார். போன மாதம் பத்து நாள் இரண்டிரண்டு. அவருக்கு அங்கேயே தனியாக ஒரு பாடம் நடந்தது.

பன்னிருவரில் இருவரே நாள் தவறாமல் உண்டும் அழுத்தம் இறங்காதவர். தையற்காரருக்கும் காசாளர் பெண்ணுக்கும் மட்டும் வலுவான மாத்திரை எழுதப்பட்டது. மற்றப் பதின்மருக்கு வலு தேவைப்படவில்லை, வழி தேவைப்பட்டது. இருமல் வந்தவளுக்கு வேறு மருந்து. ஆசிரியருக்குக் குறைந்த அளவு, படுக்கப் போகும்போது. காவலாளிக்கு மறுபடியும் பழைய அளவு. அக்காவுக்கு, அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்காத வேறு மாத்திரை, வேலை முடிந்து வந்ததும்.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. "இதுக்கா பதினோரு மாசம் மறைச்சேன்?"

"அறுபத்து நாலுன்னுதான் மேலிடத்துக்கு எழுதணும்," என்றார் டாக்டரம்மா, மிச்சக்காரம்மாவை நோக்கி. "கேள்வி கேப்பாங்க."

"நானே வந்து பதில் சொல்றேன்."

"நாம ரெண்டு பேருமா போவோம். இந்த அறுபத்து நாலை வச்சு வைத்தியம் பாக்கலாம். அந்தத் தொண்ணூற்றொன்பதை வச்சு கையைத்தான் முறிக்க முடிஞ்சது," என்று கையெழுத்திட்டார். "அந்த இரும்பு மாத்திரையை இங்க குடுங்க. உங்களுக்கும் வேற எழுதறேன்."

இப்போது மேசை சன்னலோரத்துக்கு மாறிவிட்டது. வரிசைக்கு அங்கே பேசுவது கேட்காது. சிவப்புப் பேனா இல்லை, நீலப் பேனாவும் இல்லை. ஒரு பென்சில் மட்டும். பெஞ்சில் கண்டக்டர் இருக்கிறார், டின் இல்லாமல். "உள்ளதை உள்ளபடி எடுத்துட்டுப் போங்க, வழில இறக்கி ஏத்தக் கூடாது," என்று படியேறுவோரை அனுப்பி வைக்கிறார். எண்ணிக்கை நடக்கும் ஒவ்வொரு செவ்வாயும் மிச்சக்காரம்மா முதலில் தன் டப்பாவை எண்ணித் தன் பெயருக்கு எதிரே எழுதுகிறாள். போன மாதம் இரண்டு நாள் விட்டுப்போயிருந்தது. இரண்டு என்றே எழுதினாள். அக்காவின் டப்பாவில் எட்டு மீந்தது, அழுத்தம் நூற்று நாற்பத்தாறு. "ஒண்ணு அதிகம். அன்னைக்கு மறந்தே போச்சுடி," என்று அக்காவே முந்திக்கொண்டு சொன்னாள்.

எண்ணிப் பார்க்கும் அந்த வீட்டின்மேல் எல்லாம் வல்ல இறைவனின் அருள் மழை பொழிவதாக. பூட்டுத் திறக்கும் கணவன் கை நோயறியாதிருக்க. அளவுகோல் ஏந்திய மகள் கல்வியிலும் ஆயுளிலும் ஓங்குக. மேல்தளத்து அக்காள் படியிறங்கிப் படியேறும் கால்கள் நெடுங்காலம் தளராதிருக்க. உள்ளதை உள்ளவாறு உரைக்க அஞ்சாத அந்த வாய் நலமே உரைக்க, அந்த இல்லம் குறைவின்றி வாழ்க.